குளிர்கால ஓட்ட உடை

குளிர்கால ஓட்ட உடை என்பது குளிர்ந்த காலநிலையில் திறந்த வெளியில் ஓடுபவர்கள் அணியும் உடைத் தொகுதியைக் குறிக்கும். மெல்லோட்டம், நெடுந்தொலைவு ஓட்டம், மாரத்தான் பயிற்சி, மலைப்பாதை ஓட்டம் ஆகியவற்றில் ஈடுபடுவோர் இதனைப் பயன்படுத்துகின்றனர். சாதாரணக் குளிர்கால உடையின் நோக்கம் உடல் வெப்பத்தை வெளியேறவிடாது காப்பது ஆகும். ஓட்ட உடைக்கோ இரண்டு எதிரெதிரான நோக்கங்கள் உள்ளன. ஓடும்போது உடலில் உண்டாகும் மிகுதியான வெப்பத்தையும் வியர்வையையும் அது வெளியேற்ற வேண்டும். ஓட்டம் குறையும்போதோ நிற்கும்போதோ அதே உடல் குளிர்ந்து போகாமல் காக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு ஒருசேர நிறைவேற்றுவது என்பதே குளிர்கால ஓட்ட உடை பற்றிய அறிவின் மையம் ஆகும்.

கனடா, நோர்வே, பின்லாந்து, வட சப்பான், ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள் போன்ற பகுதிகளில் ஆண்டின் பல மாதங்கள் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். ஈழத்தமிழர் பலர் குடியேறியுள்ள டொராண்டோ, ஒஸ்லோ ஆகிய நகரங்களிலும் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே உள்ளது. வெப்பநாடுகளிலிருந்து வந்து முதன்முறையாகக் குளிர்காலத்தில் ஓடத் தொடங்குவோர் பொதுவாகச் செய்யும் தவறு, குறைவாக உடுத்துவது அன்று; அளவுக்கு மிஞ்சி உடுத்துவதே ஆகும்.

உடல் வெப்பமும் ஓட்டமும்

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் ஆகும். ஓய்வாக அமர்ந்திருக்கும் 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல் ஏறக்குறைய 80 வாட் அளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. எனவே அதே மனிதர் மணிக்கு 10 கிமீ வேகத்தில் ஓடினால் மணிக்கு 700 கிலோகலோரி, அதாவது ஏறத்தாழ 800 வாட் ஆற்றலைச் செலவிடுகிறார். இதன் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. அமர்ந்திருக்கும்போது உண்டாகும் வெப்பத்துடன் ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகமாகும்.

ஆடையின் வெப்பக்காப்பை அளக்க 'குளோ' என்னும் அலகு பயன்படுகிறது. 1941ஆம் ஆண்டில் கேகி, பர்ட்டன், பேசெட் ஆகிய ஆய்வாளர்கள் இதனை அறிமுகப்படுத்தினர். 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், காற்றோட்டம் மிகக் குறைந்த அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் வசதியாக உணர்வதற்குத் தேவையான வெப்பக்காப்பு 1 குளோ ஆகும். அலுவலகத்துக்கு அணியும் கோட்டுடன் கூடிய முழு உடை ஏறக்குறைய இந்த அளவைத் தருகிறது. உடலின் வெப்ப உற்பத்தி கூடக் கூட, தேவைப்படும் வெப்பக்காப்பு குறைகிறது. ஆகவே உறைநிலையில் பேருந்துக்காகக் காத்து நிற்பவருக்குத் தேவைப்படும் கனத்த மேலங்கி, அதே இடத்தைக் கடந்து ஓடுபவருக்குச் சுமையாகிவிடுகிறது.

ஆனால் இந்த வெப்ப உற்பத்தி ஓட்டம் நீடிக்கும் வரையே நீடிக்கும். கணுக்கால் சுளுக்கு, களைப்பு, வழி தவறுதல் போன்ற காரணங்களால் ஓடுபவர் நிற்க நேர்ந்தால், சில நிமிடங்களில் வெப்ப உற்பத்தி ஓய்வுநிலை அளவை நோக்கி இறங்கிவிடுகிறது. அப்போது அவரது உடை வியர்வையால் ஈரமாகவும் இருக்கக்கூடும். குளிர்கால ஓட்டத்தில் நேரும் பெரும்பாலான இடர்களுக்கு இந்த மாற்றமே அடிப்படை.

வெப்பம் வெளியேறும் வழிகள்

உடலிலிருந்து வெப்பம் நான்கு வழிகளில் வெளியேறுகிறது.

* வெப்பக்கடத்தல்: தோலைத் தொடும் குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் செல்வது. நீரின் வெப்பக்கடத்துதிறன் அசையாத காற்றினுடையதைப் போல ஏறத்தாழ 24 மடங்கு ஆகும். ஈரத்துணி தோலில் ஒட்டிக்கொண்டால் வெப்ப இழப்பு கூடுவதற்கு இது ஒரு காரணம்.
* வெப்பச்சலனம்: தோலை ஒட்டியுள்ள சூடான காற்றுப் படலத்தை வீசும் காற்று அகற்றுவது.
* கதிர்வீசல்: உடல் தன்னைச் சூழ்ந்த குளிர்ந்த பரப்புகளை நோக்கி வெப்பத்தைக் கதிர்களாக வெளியிடுவது.
* ஆவியாதல்: வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் தேவைப்படுகிறது.

கோடையில் ஆவியாதல் உடலுக்கு நன்மை செய்கிறது. குளிர்காலத்தில் அதுவே தீமையாக மாறலாம். கனத்த உடை அணிந்தவர் வியர்க்கிறார்; அந்த வியர்வையின் ஒரு பகுதி ஆவியாகி வெளியே செல்லும் வழியில், உடையின் குளிர்ந்த வெளிப்பரப்பில் மீண்டும் நீராகிப் படிகிறது. துணியின் இழைகளுக்கு இடையே வெப்பக்காப்பாக இருந்த காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. ஓட்டம் நின்ற பின்னும் இந்த நீர் தொடர்ந்து ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. எனவே, குளிர்காலத்தில் மிகுதியாக உடுத்துவது சிறிது நேரத்துக்குப் பின் குறைவாக உடுத்துவதற்குச் சமமாகிவிடுகிறது.

காற்றுக்குளிர்மை

வெப்பமானி காட்டும் அளவு மட்டும் குளிரின் தாக்கத்தைக் காட்டுவதில்லை. காற்றின் வேகத்தையும் சேர்த்து மதிப்பிடும் அளவு காற்றுக்குளிர்மை எனப்படுகிறது. அமெரிக்க அண்டார்க்டிக் ஆய்வாளர்களான பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் ஆகியோர் 1941இல் அண்டார்க்டிக்காவில் நெகிழி உருளையில் அடைத்த நீர் உறைவதற்கு எடுக்கும் நேரத்தை வெவ்வேறு காற்று வேகங்களில் அளந்தனர். அவர்களின் முடிவுகள் 1945இல் வெளியாயின. 2001ஆம் ஆண்டில் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் மனித முகத்தின் வெப்ப இழப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய வாய்பாட்டை ஏற்றுக்கொண்டன. அவ்வாய்பாட்டின்படி கிடைக்கும் சில மதிப்புகள் (பாகை செல்சியஸில்) பின்வருமாறு:

* காற்றின் வெப்பநிலை 0: காற்றின் வேகம் மணிக்கு 10 கிமீ எனில் −3; 20 கிமீ எனில் −5; 30 கிமீ எனில் −6.
* காற்றின் வெப்பநிலை −10: 10 கிமீ எனில் −15, 20 கிமீ எனில் −18, 30 கிமீ எனில் −20.
* காற்றின் வெப்பநிலை −20: 10 கிமீ எனில் −27, 20 கிமீ எனில் −30, 30 கிமீ எனில் −33.

ஓடுபவர் தாமே ஒரு காற்றை உண்டாக்குகிறார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. காற்றே வீசாத நாளில் மணிக்கு 10 கிமீ வேகத்தில் ஓடுபவரின் முகத்தில் அதே வேகத்தில் காற்று படுகிறது. மணிக்கு 15 கிமீ வேகக் காற்றை எதிர்த்து அவர் ஓடினால் படும் வேகம் 25 கிமீ ஆகும். அக்காற்றைப் பின்புறம் கொண்டு ஓடினால் 5 கிமீ மட்டுமே. இதனால், போய்த் திரும்பும் பாதையில் முதல் பாதியைக் காற்றுக்கு எதிராகவும், வியர்த்துக் களைத்திருக்கும் இரண்டாம் பாதியைக் காற்றின் திசையிலும் அமைத்துக்கொள்ளுதல் நீண்டகால வழக்கமாக உள்ளது.

காற்றுக்குளிர்மை என்பது வெறும் தோலின் வெப்ப இழப்பு வேகத்தைக் குறிப்பதேயன்றி உண்மையான வெப்பநிலை அன்று. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேல் இருந்தால், காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் தோல் உறைவதில்லை. ஆனால் உடலின் உள்வெப்பநிலை குறைவதற்கு உறைநிலை ஓர் எல்லை அன்று.

அடுக்கு முறை

குளிர்கால ஓட்ட உடையின் அடிப்படைக் கொள்கை, ஒரே கனத்த உடைக்குப் பதிலாகப் பல மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது ஆகும். அடுக்குகளுக்கு இடையே சிறைப்படும் காற்று வெப்பக்காப்பாகச் செயல்படுகிறது. உடல் சூடேறும்போது ஓர் அடுக்கைக் கழற்றவோ திறக்கவோ முடிகிறது. பொதுவாக மூன்று அடுக்குகள் வேறுபடுத்தப்படுகின்றன.

உள்ளடுக்கு: தோலை ஒட்டி அணியப்படுவது. இதன் பணி சூடாக்குவது அன்று. வியர்வையைத் தோலிலிருந்து உறிஞ்சி வெளிப்புறத்துக்குக் கடத்துவதே ஆகும். எனவே இது உடலோடு பொருந்தி இருக்க வேண்டும்; தொளதொளப்பாக இருந்தால் வியர்வை தோலிலேயே தங்கிவிடும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன், மெரினோ கம்பளி ஆகியவை இதற்கு ஏற்றவை.

நடு அடுக்கு: காற்றைச் சிறைப்படுத்தி வெப்பத்தைக் காப்பது. மெல்லிய பிளீசுத் துணி, உட்புறம் மென்மயிர் எழுப்பிய பின்னலாடை முதலியன பயன்படுகின்றன. கழுத்திலிருந்து மார்பு வரை ஜிப் வைத்த சட்டைகள் விரும்பப்படுகின்றன. ஓடிக்கொண்டே அதனைத் திறந்து மூடி வெப்பத்தைச் சீராக்கலாம். உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலையில் பலருக்கு இவ்வடுக்கு தேவைப்படுவதில்லை.

வெளியடுக்கு: காற்றையும், தேவைப்பட்டால் மழையையும் தடுப்பது. நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் மேலங்கி காற்றை நன்கு தடுக்கும். நீராவியையும் ஓரளவு வெளியேற விடும். முற்றிலும் நீர்புகாத மேலங்கி மழைக்கு நல்லது எனினும் வியர்வை ஆவியையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. எனவே மழையோ ஈரப்பனியோ இல்லாத வறண்ட குளிரில் நீர்புகா மேலங்கியைத் தவிர்த்துக் காற்றுத்தடுப்பு மேலங்கியை அணிவதே சிறந்ததாகக் கருதப்படுகிறது. முன்புறம் மட்டும் காற்றைத் தடுத்து, முதுகுப் புறமும் அக்குளும் காற்றோட்டமாக அமைந்த மேலங்கிகளும் உள்ளன.

கால்களின் பெருந்தசைகள் ஓட்டத்தில் பெருமளவு வெப்பத்தை உண்டாக்குவதால் உடலின் மேற்பகுதியைவிடக் கால்களுக்குக் குறைந்த அடுக்குகளே போதும். உடலோடு ஒட்டிய நீண்ட காற்சட்டை ஒன்று பெரும்பாலான நாட்களுக்குப் போதுமானது. கடுங்குளிரில் அதன்மேல் தளர்வான காற்றுத்தடுப்புக் காற்சட்டை அணியப்படுகிறது.

துணி வகைகள்

ஓர் இழை தன் எடையில் எத்தனை விழுக்காடு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்கிறது என்பது அதன் ஈர ஏற்பு எனப்படும். 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தியின் ஈர ஏற்பு ஏறத்தாழ 8 விழுக்காடு, நைலான் 4 விழுக்காடு, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு, கம்பளி ஏறத்தாழ 16 விழுக்காடு ஆகும்.

பருத்தி: வியர்வையை விரைந்து உறிஞ்சுகிறது, ஆனால் இழைகள் ஈரத்தைத் தம்முள் பிடித்து வைத்துக்கொள்வதால் மெதுவாகவே உலர்கிறது. ஈரமான பருத்தி துவண்டு தோலில் ஒட்டிக்கொள்கிறது. வெப்பநாடுகளில் பருத்தியைச் சிறந்த உடையாக்கும் இப்பண்பே குளிர்நாடுகளில் அதனைப் பொருத்தமற்றதாக்குகிறது. "பருத்தி கொல்லும்" என்னும் பொருள்படும் எச்சரிக்கை வட அமெரிக்க மலையேறுவோரிடையே வழங்கி வருகிறது.

செயற்கை இழைகள்: பாலியெஸ்டரும் பாலிபுரொப்பிலீனும் ஈரத்தை இழைக்குள் ஏற்பதில்லை. இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே நுண்புழை ஈர்ப்பால் வியர்வை வெளிப்புறத்துக்குப் பரவி விரைவில் உலர்கிறது. விலை குறைவும் நீடித்த உழைப்பும் இவற்றின் நிறைகள். வியர்வை நாற்றம் எளிதில் தங்கிவிடுவது குறை.

கம்பளி: கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை உள்ளே ஏற்றுக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. ஈரத்தை ஏற்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. சுருள் தன்மையால் ஈரமான பின்னும் காற்றைத் தன்னிடையே பிடித்து வைத்துக்கொள்கிறது. மெல்லிய மெரினோ கம்பளி தோலை உறுத்துவதில்லை; நாற்றமும் குறைவு. செயற்கை இழைகளைவிட மெதுவாக உலர்வதும் விலை அதிகம் என்பதும் இதன் குறைகள்.

உடலின் பிற பகுதிகளுக்கான உடை

கைகள்: குளிரில் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டுக் கைகால் விரல்களுக்குச் செல்லும் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. எனவே உடற்பகுதி சூடாக இருக்கும்போதே விரல்கள் மரத்துப் போகலாம். ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை உள்ள கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒரே பையில் இருக்கும் கையுறை கூடுதல் வெப்பம் தரும். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்குவதும், வெளிக்காற்றுபடும் பரப்பு குறைவதும் இதன் காரணங்கள். உள்ளே மெல்லிய விரலுறையும் வெளியே காற்றுத்தடுப்பு உறையும் அணிந்தால் தேவைக்கேற்ப ஒன்றைக் கழற்றலாம்.

தலையும் காதும்: உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் காதுகளை மூடும் பட்டை போதுமானது. அதனினும் குறைந்தால் மெல்லிய கம்பளிக் குல்லா அணியப்படுகிறது. குல்லாவை எளிதில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள முடிவதால், உடல் வெப்பத்தைச் சீராக்க அது மிக எளிய வழியாகவும் பயன்படுகிறது.

முகமும் கழுத்தும்: குழாய் வடிவக் கழுத்துத் துணியை மேலே இழுத்து வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளலாம். வெளிவிடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் துணியில் தங்கி, உள்ளிழுக்கும் காற்றைச் சற்றுச் சூடாக்குகின்றன. குளிர்ந்த வறண்ட காற்றால் மூச்சுக்குழாய் சுருங்கும் தன்மை உடையோருக்கும் ஆஸ்துமா உள்ளோருக்கும் இது குறிப்பாக உதவுகிறது. முகத்தில் களிம்பு தடவுவது பனிக்கடியைத் தடுக்கும் என்ற நம்பிக்கை வட ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. பின்லாந்துப் படைவீரர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் இதற்கு மாறாக, களிம்பைப் பயன்படுத்தியவர்களிடையே காதிலும் முகத்திலும் பனிக்கடி கூடுதலாக இருந்ததைக் காட்டின. களிம்பு தரும் பொய்யான பாதுகாப்பு உணர்வு இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

கால்கள்: கம்பளி கலந்த காலுறை ஏற்றது. ஒரே சப்பாத்துக்குள் இரண்டு கனத்த காலுறைகளைத் திணிப்பது இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரல்களை மேலும் குளிர்விக்கும். ஓட்டச் சப்பாத்துகளின் மேற்புறம் பெரும்பாலும் வலைத்துணியால் ஆனது. பனியில் ஓடுவதற்குக் காற்றும் நீரும் எளிதில் புகாத மேற்புறமுள்ளவை கிடைக்கின்றன. பனிக்கட்டி படிந்த பாதைகளில் அடிப்புறத்தில் சிறு உலோக முளைகள் பதித்த சப்பாத்துகள் வழுக்கி விழுவதைக் குறைக்கின்றன.

இடுப்புக்குக் கீழ்: மெல்லிய காற்சட்டை மட்டும் அணிந்து உறைகாற்றில் ஓடும் ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் பனிக்கடி ஏற்படக்கூடும். 1977இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு மருத்துவரின் கடிதம் இத்தகைய நிகழ்வைப் பதிவு செய்தது. முன்புறத்தில் காற்றுத்தடுப்புத் துணி வைத்துத் தைத்த உள்ளாடைகள் இதற்காகவே கிடைக்கின்றன. பெண்களுக்கான விளையாட்டு மார்க்கச்சையும் தோலை ஒட்டிய உள்ளடுக்கே என்பதால், அதுவும் பருத்தியாக இல்லாதிருப்பது நல்லது.

வெப்பநிலைக்கேற்ற தேர்வு

ஓடுபவர்களிடையே வழங்கும் பொது விதி, வெளியே உள்ள வெப்பநிலையைவிட ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடுதலாக இருப்பதாக எண்ணி உடுத்துவது ஆகும். வீட்டை விட்டு வெளியே வந்தவுடன் சற்றுக் குளிர்வது சரியான உடைக்கு அறிகுறி. முதல் 10 நிமிடங்களில் அக்குளிர் மறைந்துவிடும். வாசலிலேயே இதமாக இருந்தால் உடை மிகுதி என்று பொருள். காற்று குறைவாக உள்ள நாட்களுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை:

* 5 முதல் 10 பாகை வரை: நீண்ட கை உள்ளடுக்கு ஒன்று, அரைக்காற்சட்டை அல்லது மெல்லிய நீண்ட காற்சட்டை.
* 0 முதல் 5 பாகை வரை: உள்ளடுக்கும் மெல்லிய காற்றுத்தடுப்பு மேலங்கியும், நீண்ட காற்சட்டை, மெல்லிய கையுறை, காதுப் பட்டை.
* −10 முதல் 0 பாகை வரை: உள்ளடுக்கு, மெல்லிய நடு அடுக்கு, காற்றுத்தடுப்பு மேலங்கி, குல்லா, கையுறை, கழுத்துத் துணி.
* −20 முதல் −10 பாகை வரை: மேற்கூறியவற்றுடன் இரட்டைக் கையுறை, காற்சட்டையின் மேல் காற்றுத்தடுப்பு அடுக்கு, முகமூடித் துணி.
* −20 பாகைக்குக் கீழ்: வெறும் தோல் வெளித்தெரியாத உடை, குறுகிய தொலைவு, வீட்டருகே சுற்றிவரும் பாதை, அல்லது உள்ளரங்கில் ஓடுதல்.

இவ்வளவுகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். மெதுவாக ஓடுபவர், மெலிந்தவர், முதியவர் ஆகியோருக்கு ஓர் அடுக்கு கூடுதலாகத் தேவைப்படலாம். மழை பெய்யும் 3 பாகை நாள், வறண்ட −5 பாகை நாளைவிடக் கடினமானதாக இருக்கக்கூடும்.

வரலாறு

வியர்வையைத் தவிர்த்தலே குளிருக்கு எதிரான முதற்பாதுகாப்பு என்பதை ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கரிபூ மான் தோலால் ஆன அவர்களது இரட்டை மேலங்கியில் உள்ளடுக்கின் மயிர் உடலை நோக்கியும், வெளியடுக்கின் மயிர் வெளிநோக்கியும் அமைந்திருந்தது. உழைக்கும்போது வெளியடுக்கைக் கழற்றி உடலை வியர்க்காமல் வைத்துக்கொண்டனர்.

1933இல் நோர்வே படை அதிகாரி என்றிக் புரூன் பழைய மீன்வலைகளைக் கொண்டு வலைப்பின்னல் பனியனை உருவாக்கினார். வலையின் கண்களில் தங்கும் காற்று வெப்பத்தைக் காத்தது. மேலாடையின் கழுத்தைத் திறந்தவுடன் வெப்பமும் ஈரமும் வெளியேறின. 1953இல் எவரெசுட்டை எட்டிய பிரித்தானியக் குழுவும் வலைப் பனியன்களைப் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கப் படை அறிமுகப்படுத்திய 1943ஆம் ஆண்டுக் களச் சீருடை அடுக்கு முறையை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

இங்கிலாந்தின் மாரத்தான் வீரர் ரான் ஹில் (1938–2021) துணி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வலைப்பின்னல் பனியன் அணிந்து ஓடியதற்காக அறியப்பட்ட இவர், 1970ஆம் ஆண்டு குளிர் மழையில் நடந்த பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 10 நிமிடம் 30 நொடியில் ஓடி வென்றார். அதே ஆண்டு ஓட்ட உடைகளுக்கான நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். 1964 டிசம்பர் முதல் 2017 சனவரி வரை 52 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாளும் விடாமல், குறைந்தது ஒரு மைல் ஓடியவராகவும் இவர் குறிப்பிடப்படுகிறார்.

1969இல் பாப் கோர் டெஃப்லான் எனப்படும் பலபடியை விரைவாக இழுத்து நுண்துளைகள் கொண்ட படலமாக்கும் முறையைக் கண்டறிந்தார். நீர்த்துளியைத் தடுத்து நீராவியை விடும் கோர்-டெக்ஸ் துணி இதன்வழி 1976இல் விற்பனைக்கு வந்தது. 1979இல் மாசசூசெட்சு மாநிலத்தின் மால்டன் மில்ஸ் ஆலை பாலியெஸ்டர் பிளீசுத் துணியை அறிமுகப்படுத்தியது. நீர்புகாத் துணிகளில் பயன்பட்ட புளோரின் சேர்மங்கள் சூழலில் சிதையாமல் தங்குவதால் அவற்றுக்குக் கட்டுப்பாடுகள் வந்துள்ளன. கலிபோர்னியா மாநிலம் 2025 சனவரி முதல் பெரும்பாலான ஆடைகளில் இவற்றைத் தடை செய்தது.

இடர்கள்

உடல் வெப்பத்தாழ்வு: உடலின் உள்வெப்பநிலை 35 பாகை செல்சியஸுக்குக் கீழே செல்லும் நிலை. கட்டுப்படுத்த முடியாத நடுக்கம், தடுமாறும் கை, குழறும் பேச்சு, குழப்பம் ஆகியவை தொடக்க அறிகுறிகள். 32 பாகைக்குக் கீழே நடுக்கம் நின்றுவிடக்கூடும். இது தேறுவதற்கு அன்றி, நிலை மோசமாவதற்கே அறிகுறி. முடிவெடுக்கும் திறன் முதலிலேயே மங்குவதால், பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணராதிருக்கலாம். அவரைக் காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுசென்று, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்தி, உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பனிக்கடி: தோலும் அதன் கீழுள்ள திசுக்களும் உறைதல். மூக்கு, காது, கன்னம், விரல்கள் எளிதில் பாதிக்கப்படும். தோல் வெளிறி உணர்ச்சியற்றுப் போவது முதல் அறிகுறி. காற்றுக்குளிர்மை −28க்குக் கீழே செல்லும்போது வெறும் தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. பாதிக்கப்பட்ட பகுதியைத் தேய்ப்பது திசுக்களைச் சிதைக்கும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டும்.

2018 ஏப்ரல் 16 அன்று நடந்த பாஸ்டன் மாரத்தான், உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலையும் எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதைக் காட்டியது. இடைவிடாத குளிர் மழையிலும் பலத்த எதிர்க்காற்றிலும் முன்னணி வீரர்கள் பலர் இடையிலேயே விலகினர். பெண்களில் டெசிரே லிண்டன் மழைக்கான மேலங்கியைக் கழற்றாமலே இறுதி வரை ஓடி வென்றார். ஆண்களில் வென்ற சப்பானியர் யூக்கி கவாவுச்சி, அவ்வாண்டு சனவரி 1 அன்று அதே மாசசூசெட்சு மாநிலத்தின் மார்ஷ்பீல்டில் கடுங்குளிரில் ஒரு மாரத்தானை 2 மணி 18 நிமிடம் 59 நொடியில் முடித்திருந்தார்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிமீ மலைப்பாதை ஓட்டம் இவ்வகை நிகழ்வுகளில் மிகத் துயரமானது. 172 பேர் பங்கேற்றனர். பலர் அரைக்காற்சட்டையும் மெல்லிய சட்டையுமே அணிந்திருந்தனர். காற்றுத்தடுப்பு மேலங்கி பரிந்துரைக்கப்பட்ட பொருளாக இருந்ததேயன்றிக் கட்டாயமாக்கப்படவில்லை. நண்பகல் அளவில் உயர்ந்த மலைப்பகுதியில் ஆலங்கட்டி மழையும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒருங்கே தாக்கின. 21 பேர் உயிரிழந்தனர். அப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்குள் சிலரை அழைத்துச்சென்று, தீமூட்டி, அறுவர் உயிரைக் காப்பாற்றினார். அந்நிகழ்வுக்குப் பின் இத்தகைய கடும் ஓட்டப் போட்டிகளைச் சீன விளையாட்டு அமைப்பு நிறுத்தி வைத்தது.

இந்நிகழ்வு காட்டுவது போல, ஓட்டத்துக்குப் போதுமான உடை நிற்பதற்குப் போதுமானது அன்று. எனவே வீட்டிலிருந்து வெகுதொலைவு செல்பவர், பயன்படாது போனாலும், மடித்தால் கைக்குள் அடங்கும் மேலங்கி ஒன்றையும் கைப்பேசியையும் உடன்கொண்டு செல்வது பரிந்துரைக்கப்படுகிறது.

பரவலான தவறான கருத்துகள்

* "உடல் வெப்பத்தில் பாதி தலை வழியே வெளியேறுகிறது": 1970களின் அமெரிக்கப் படைக் கையேடு ஒன்று 40 முதல் 45 விழுக்காடு என்று குறிப்பிட்டது இக்கருத்து பரவக் காரணமாயிற்று. உண்மையில் தலை வழியான இழப்பு அதன் பரப்பளவின் விகிதத்தை ஒட்டியதே. ஏறத்தாழ 10 விழுக்காடு.
* "குளிர்காற்று நுரையீரலை உறையச் செய்யும்": உள்ளிழுக்கும் காற்று மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றைக் கடக்கும்போதே சூடாக்கப்படுகிறது. தொண்டை எரிச்சலும் இருமலும் பெரும்பாலும் காற்றின் வறட்சியால் ஏற்படுபவை.
* "மது உடலைச் சூடாக்கும்": மது தோலின் இரத்தக்குழாய்களை விரிப்பதால் சூடான உணர்வு தோன்றுகிறது, ஆனால் உடல் வெப்பத்தை இழக்கிறது.
* "குளிரில் தண்ணீர் தேவையில்லை": குளிரில் தாக உணர்வு குறைகிறது, எனினும் வியர்வையாலும் மூச்சுக்காற்றாலும் நீரிழப்பு தொடர்கிறது.

ஓட்டத்துக்குப் பின்

ஓட்டம் முடிந்ததும் வெப்ப உற்பத்தி விரைந்து குறைவதால், தசைநீட்டல் பயிற்சிகளை வெளியில் நின்று செய்யாமல் உள்ளே சென்று செய்தல் நல்லது. முதலில் களைய வேண்டியது உள்ளடுக்கு. மேலங்கியை மட்டும் கழற்றிவிட்டு ஈரமான உள்ளடுக்குடன் இருப்பது உடலைத் தொடர்ந்து குளிர்விக்கும். வண்டியில் வந்து ஓடுபவர்கள் மாற்றுச் சட்டையையும் உலர்ந்த காலுறையையும் வண்டியிலேயே வைத்திருப்பது வழக்கம். குளிர்காலத்தில் பகல்பொழுது குறுகியது என்பதால், வெளியடுக்கில் ஒளியை எதிரொளிக்கும் பட்டைகள் இருப்பதும் பாதுகாப்பான உடையின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* மாரத்தான்
* உடல் வெப்பத்தாழ்வு
* பனிக்கடி
* மெரினோ ஆடு
* பாலியெஸ்டர்